இலையின்மேல் ஏற்றிய பொய்ப்புகழ்

பொய்யாகப் பழி சுமத்துவது கொடுமை என்பதை எல்லாரும் ஒப்புவர். பொய்யாகப் புகழ் சுமத்துவதும் கொடுமையே என்பதை ஒப்புவார் சிலரே. பழிக்கப்பட்டவன் வாய்திறந்து மறுப்பான், புகழப்பட்டவன் வாளாவிருப்பான். புகழப்பட்டது வாயில்லாப் பச்சிலையாயின், மறுப்பதற்கு ஆளே இல்லை.

2007ஆம் ஆண்டு முதல் அத்தகைய பொய்ப்புகழ் ஒன்று இலையின்மேல் ஏற்றப்பட்டு வருகின்றது. இலை ஒரு குவாண்டம் கணிப்பொறியாம். தன்மேல் விழுந்த ஒளியாற்றலை எல்லா வழிகளிலும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்த்து, அவற்றுள் சிறந்த வழியைத் தேர்ந்துகொள்கின்றதாம். அதனாலேயே அது குறையேதுமின்றி இயங்குகின்றதாம். நாளிதழ்கள் இதனை எழுதின, மக்கள் அறிவியல் நூல்கள் எழுதின, மேடைகள் முழங்கின. அறிவியலை அரைகுறையாகக் கேட்டு வந்து தம் அருளுரைக்கு அணியாகப் பூட்டிக்கொள்வாரும் இதனை விட்டுவைக்கவில்லை. செடிகொடிகளே இவ்வளவு செய்யுமாயின் எம் தனியாற்றலை ஏன் நம்பலாகாது என்று கேட்டு, நம்புவோரிடம் காசும் வாங்குகின்றனர்.

இப்புகழ் எந்த ஆய்வுமுறையிலிருந்து கிளம்பிற்றோ, அம்முறையாலேயே பத்தே ஆண்டுகளில் வீழ்த்தப்பட்டுவிட்டது. எழுந்த செய்தி ஊரெங்கும் பரவியது. வீழ்ந்த செய்தி ஆய்விதழ்களின் பக்கங்களுக்குள்ளேயே கிடக்கின்றது. அதனை வெளியே எடுத்து வைப்பது கற்றோர் கடன்.

ஒளியை விழுங்கிய மூலக்கூறு வாளா இருப்பதில்லை. எலக்ட்ரான் என்று பாடநூல்கள் கூறும் எதிர்மின்னிகளுள் ஒன்று அதனுள் மேல்நிலைக்குத் தாவுகின்றது. இவ்வாறான மூலக்கூற்றைக் கிளர்ந்த மூலக்கூறு என்பர். கிளர்ச்சி நிலைத்து நில்லாது. பெற்ற ஆற்றலை ஒளியாக உமிழ்ந்தோ, வெப்பமாகச் சிந்தியோ, அண்டை மூலக்கூற்றுக்குக் கைமாற்றியோ, தன் வடிவையே மாற்றிக்கொண்டோ அது தணிகின்றது. இவற்றுள் மிக விரைந்தனவற்றை அளக்கும் அலகுக்குப் பெம்டோ நொடி என்று பெயர். நொடி ஒன்றை நூறு கோடிக் கூறாக்கி, அக்கூறு ஒன்றை மீண்டும் பத்து இலக்கம் கூறாக்கினால் கிடைப்பது ஒரு பெம்டோ நொடி. ஏறத்தாழ 3 கோடியே 17 இலக்கம் ஆண்டுகளுக்கு முன் ஒரு நொடி எத்துணைச் சிறியதோ, ஒரு நொடிக்கு முன் பெம்டோ நொடி அத்துணைச் சிறியது. நொடிக்கு மூன்று இலக்கம் கிலோமீட்டர் பாயும் ஒளியே அதற்குள் ஒரு மில்லிமீட்டரின் மூவாயிரத்தில் ஒரு பங்கைக்கூடக் கடக்காது.

இத்துணைச் சிறுபொழுதை எந்தக் கடிகையும் அளக்கமாட்டாது. ஆயின், ஒளியின் விரைவையே கடிகையாக்கிக் கொண்டனர் அறிவியலார். லேசர் என்று பலரும் வழங்கும் சீரொளியிலிருந்து மிகக் குறுகிய துடிப்பு ஒன்றை எடுத்து இரண்டாகப் பிரிப்பர். முதல் துடிப்பு மூலக்கூற்றைக் கிளர்த்தும். இரண்டாவது சற்றுப் பிந்திச் சென்று, கிளர்ந்த மூலக்கூறு என்னவாயிற்று என்று உசாவும். பிந்தச் செய்வது எப்படி? இரண்டாம் துடிப்பு பட்டுத் திரும்பும் ஆடியைச் சிறிதே பின்னுக்கு நகர்த்துவர். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்த்தினால், போகவும் வரவுமாக வழி இரு பங்கு நீண்டு, துடிப்பு ஏறத்தாழ 6.7 பெம்டோ நொடி பிந்தும். தலைமயிர் ஒன்றின் பருமனளவு நகர்த்தினால் ஐந்நூறு பெம்டோ நொடியளவு பிந்திவிடும். ஆடியைப் படிப்படியாக நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் எந்த நிறம் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று குறித்துவந்தால், கிளர்ந்த மூலக்கூற்றின் வாழ்க்கை ஏடு ஏடாக விரியும். இம்முறையில் மாயமும் இல்லை, மறைபொருளும் இல்லை. பொறுமையாக ஆடியை நகர்த்தும் கைதான் வேண்டும்.

இதற்கு வழி திறந்தவர்கள் இங்கிலாந்தின் நாரிசும் போர்ட்டரும் ஆவர். 1940களின் இறுதியில் கேம்பிரிச்சில் மின்னல்போன்ற விளக்கொளியால் மூலக்கூறுகளைக் கிளர்த்தி, மற்றொரு விளக்கொளியால் உசாவினர். அவர்கள் செருமனியின் ஐகனோடு 1967இல் நோபெல் பரிசு பெற்றனர். 1960இல் மெய்மன் முதற் சீரொளியை எரியச் செய்த பின்னர்த் துடிப்புகள் மேன்மேலும் குறுகின. எகிப்து நாட்டிற் பிறந்து கலிபோர்னியாவில் உழைத்த அகமது செவெயில் 1987இல், அயோடின் சயனைடு மூலக்கூற்றின் பிணைப்பு ஏறத்தாழ 200 பெம்டோ நொடியில் அறுபடுவதை அளந்து காட்டினார். 1999இல் அவர்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது. இவ்வரிகளைப் படிக்கும் கண்ணினுள்ளும் ஒளிபட்ட நிறமி தன் வளைந்த வடிவை நிமிர்த்திக்கொள்ள ஏறத்தாழ 200 பெம்டோ நொடியே ஆகின்றது என்பதைப் பெர்க்கிலி ஆய்வாளர்கள் 1991இல் கண்டனர். இவையெல்லாம் உறுதிப்பட்ட செய்திகள். சீரொளி நிறமாலையியலின் மெய்ப்புகழ் இவற்றில் இருக்கின்றது. இதற்கு மேல் பொய்ப்புகழ் எதற்கு?

இனி, பொய்ப்புகழ் எழுந்த இடத்துக்கு வருக. பெர்க்கிலியில் கிரகாம் பிளெமிங்கின் ஆய்வகத்தில் எங்கலும் பிறரும் ஒரு புரதத்தை ஆய்ந்தனர். கண்டறிந்து ஆய்ந்தோர் மூவர் பெயரால் பென்னா, மேத்தியூசு, ஓல்சன் புரதம் எனப்படுவது அது. பச்சைக் கந்தக நுண்ணுயிர்களில், ஒளியை வாங்கும் பகுதிக்கும் வினை நிகழும் நடுவத்துக்கும் இடையே பாலமாக நிற்பது. மும்மடங்காய் அமைந்த அப்புரதத்தின் ஒவ்வொரு பகுதியிலும் பச்சையம் போன்ற நிறமிகள் ஏழு உள என்று அப்போது கருதினர். எட்டாவது ஒன்றும் உண்டென்பது பின்னர்த் தெளிந்தது. ஒரு துடிப்புக்கு மாறாகப் பல துடிப்புகளை வரிசையாகச் செலுத்தி, எந்த நிறத்தால் கிளர்ந்தது, எந்த நிறத்தில் விடை தந்தது என்பவற்றை ஈரச்சுப் படமாக வரைந்தனர். அப்படத்தின் புள்ளிகள் கூடியும் குறைந்தும் விம்மின. அவ்விம்மல் 660 பெம்டோ நொடி வரை ஓயவில்லை. கிளர்ச்சி நிறமிகளிடையே அலையாகப் பரந்து பல வழிகளையும் ஒருங்கே துழாவுகின்றது, அதுவே அதன் பெருந்திறத்துக்குக் கரணியமாகலாம் என்று நேச்சர் என்னும் ஆய்விதழில் 2007இல் எழுதினர்.

அளந்தவர்கள் பொய்யாக அளக்கவில்லை. விம்மல் இருந்தது, பின்னர் அளந்தோரும் அதனைக் கண்டனர். குற்றம் அளவையில் இல்லை. அளவைக்குக் கூறிய பொருளில் இருந்தது. அப்பொருளை ஊதிப் பெருக்கியவர்களிடம் அது மலையாயிற்று.

முதலாவது, ஆய்ந்தது இலையே அன்று. வெந்நீர் ஊற்றுப் போன்ற இடங்களில், இலை தேவைப்படாமல், உயிர்வளியையும் வெளிவிடாமல் வாழும் நுண்ணுயிரின் புரதம் அது. அதனை இலை என்று எழுதிய முதல் கை எவருடையதோ, அக்கை தன் பிழையை இன்றும் திருத்தவில்லை. இரண்டாவது, அளந்த வெப்பநிலை 77 கெல்வின். நீர் உறையும் நிலைக்கும் 196 பாகை கீழே. எந்த இலை அங்குத் தளிர்க்கும்?

இவ்விரண்டாம் வினாவுக்கு விடை கூறவும் முயன்றனர். 2010இல் எங்கலின் சிக்காகோ குழு அதே புரதத்தில் 4 பாகையளவிலும் விம்மலைக் கண்டதாக எழுதிற்று. அதே ஆண்டில் கனடாவின் தொராண்டோவில் சுகோல்சு குழுவினர் கடற்பாசிப் புரதங்களில் அறை வெப்பநிலையிலேயே கண்டதாக எழுதினர். மறுப்போர் சிறிது பின்வாங்கத்தான் வேண்டியிருந்தது. ஆயினும் அடிப்படை வினா அப்படியே நின்றது: விம்மல் உண்டு; விம்முவது எது?

யாழின் நரம்புகள் இரண்டைச் சிறிதே வேறுபடப் பண்ணுறுத்தி ஒருங்கே தெறித்தால், ஓசை கூடியும் குறைந்தும் விம்மும். நரம்பைத் தாங்கும் பத்தரும் தன்போக்கில் அதே அளவில் அதிருமாயின், திரைக்கு அப்பால் இருந்து கேட்பவர்க்கு விம்முவது நரம்பிணையா, பத்தரா என்பது விளங்காது. மூலக்கூற்றிலும் இதுவே நிலை. எதிர்மின்னி நிலைகள் இரண்டு ஒருங்கே கிளர்ந்து ஒன்றோடொன்று இசைவதாலும் விம்மல் எழலாம். மூலக்கூற்றின் அணுக்கள் வில்போல் அதிர்வதாலும் எழலாம். இப்புரதத்தில் நிறமிகளின் ஆற்றல் வேறுபாடுகளும் நிறமியின் சில அதிர்வுகளும் ஏறத்தாழ ஒரே அளவின. அணு அதிர்வு நெடுநேரம் நீடிப்பது இயல்பு. எதிர்மின்னி இசைவு வெதுவெதுப்பான புரதத்தில் விரைந்து கலைவது இயல்பு. நெடுநேரம் நீடித்த ஒன்றைக் கண்டவர்கள் முதலில் ஐயுற்றிருக்க வேண்டியது அதிர்வையே அன்றோ? 2012, 2013ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் கொலராடோவிலும் சில ஆய்வாளர்கள் இதனைக் கணக்கிட்டே காட்டினர்.

ஈண்டு ஒரு சிறு குறிப்பு. கிளராத நிலையிலுள்ள மூலக்கூறும் சீரொளித் துடிப்பு பட்டவுடன் அதிரத் தொடங்கும். அவ்வதிர்வும் விம்மலாகத் தோன்றும். அதனை எழுப்புவது, 1928இல் கல்கத்தாவில் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த இராமனும் வத்திராயிருப்பிற் பிறந்த கிருட்டிணனும் கண்ட அந்த ஒளிச்சிதறலே. தொண்ணூறு ஆண்டுப் பழமையான அவ்விளைவு கண்முன் நிற்க, புதுமை வேட்கை அதனைத் தாண்டி ஓடிவிட்டது.

2017இல் விடை வந்தது. செருமனியின் ஆம்பர்க்கில் மில்லர், தோர்வார்ட்டு ஆகியோரின் குழு, பிறர் துணையுடன், அதே புரதத்தை இயல்பான வெப்பநிலையில் மீண்டும் அளந்தது. எதிர்மின்னி இசைவு 60 பெம்டோ நொடியிலேயே கலைந்துவிடுகின்றது. ஆற்றல் கைமாறுவதற்கு அது துணைநிற்கும் அளவு நீடிப்பதில்லை என்று கண்டனர். ஓராண்டு கழித்துச் சுவீடனின் இலுண்டு நகர ஆய்வாளர்கள் உறைகுளிரிலேயே அளந்து, நெடிது நீடிப்பவை அணு அதிர்வுகளே என்று பிரித்துக் காட்டினர். 2020இல் பல நாட்டு ஆய்வாளர் பதினெண்மர் ஒருங்கு கூடி, இத்துறையின் சான்றுகளையெல்லாம் திரட்டி ஆய்ந்து, ஒளிச்சேர்க்கையின் ஆற்றல் ஓட்டத்துக்கு நெடிது நீடிக்கும் எதிர்மின்னி இசைவு துணை செய்யவில்லை என்னும் முடிவை வெளியிட்டனர். இவ்வளவும் ஆடியை நகர்த்தி அளந்த அதே கருவியின் தீர்ப்பு.

இன்னொன்றும் எண்ணுக. ஆய்வகத்தில் மூலக்கூற்றின்மேல் விழுவது அணிவகுத்து வரும் சீரொளித் துடிப்பு. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே கணத்தில் கிளர்கின்றன. கதிரவன் ஒளியோ அணிவகுப்பு அறியாதது. நண்பகல் வெயிலிலும் ஒரு பச்சைய மூலக்கூறு நொடிக்குப் பத்தளவே ஒளித்துகள் விழுங்கும். எப்போது விழுங்கும் என்பதற்கு முறையும் இல்லை. கதிரொளி தராத இசைவைச் சீரொளி தந்து, பின்னர் அதனை இலையின் இயல்பு என்பது, பறையடித்து ஆட்டி வைத்தவனே ஆட்டத்தைக் கூத்தனின் பிறவிக்குணம் என்பது போன்றது. புரூமரும் சபீரோவும் 2012இலேயே இவ்வேறுபாட்டைத் தெளிவாக எழுதினர். எழுதியும் என்ன? முழக்கம் நிற்கவில்லை.

முழக்கம் நில்லாமைக்கு ஒரு சொல்லும் கரணியம். ஆங்கிலத்தார் ஒரே சொல்லை மூன்று பொருள்மேல் போர்த்தி வைத்துள்ளனர். சீரொளியின் அலைகள் முகடு முகடாக ஒத்து வருவதற்கும் அச்சொல். ஒரு கிளர்ச்சி இரண்டு மூன்று நிறமிகளுக்குப் பொதுவாய் நிற்பதற்கும் அச்சொல். நிலைகள் இரண்டு காலத்தில் இசைந்து விம்முவதற்கும் அச்சொல். இவற்றுள் இரண்டாவது உறுதிப்பட்ட உண்மை. அண்டை நிறமிகள் கிளர்ச்சியைப் பங்கிட்டுக் கொள்கின்றன. அதனை மறுப்பார் இல்லை. மூன்றாவதை மறுத்தால் இரண்டாவதைக் காட்டித் தப்பிக்கின்றனர். இரண்டாவதை ஒப்பினால் மூன்றாவதையும் ஒப்பியதாக எழுதிக்கொள்கின்றனர். தமிழில் எழுதுவோர் அப்போர்வையை அப்படியே பெயர்த்து வந்து, ஒரே சொல்லால் மூன்றையும் மூடுவது ஏன்? முதலாவதை ஒத்தியைவு என்க. இரண்டாவதைப் பங்கீடு என்க. மூன்றாவதை விம்மிசைவு என்க. வேறு நல்ல சொற்கள் அமைப்பார் அமைக்கட்டும். மூன்றும் மூன்றாக நின்றால் போதும். ஏமாற்றுக்கு இடம் குறையும்.

இனி அந்தக் குறையில்லாத் திறம் என்பதை எடுத்துக்கொள்க. குவாண்டம் தேடல் இல்லாவிட்டால் இலைக்கு அத்திறம் எப்படி வரும் என்று கேட்கின்றனர். பெருக்கலும் வகுத்தலும் அறிந்த பள்ளிச் சிறுவன் விடை கூறுவான். பிக்கோ நொடி என்பது ஆயிரம் பெம்டோ நொடி. கிளர்ந்த பச்சையம் தானே தணிய இரண்டாயிரம் பிக்கோ நொடி அளவு ஆகுமெனக் கொள்க. கிளர்ச்சி வினைநடுவத்தை அடைய நாற்பது பிக்கோ நொடி ஆகின்றது எனக் கொள்க. வழியில் இழப்பது நூற்றுக்கு இரண்டே. தொண்ணூற்றெட்டு சென்று சேரும். நிறமிகள் நெருங்கி நின்று, கிளர்ச்சியை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றினாலே இது நடக்கும். அவ்வாறு கைமாறும் முறையைச் செருமானியரான போர்சுட்டர் 1940களிலேயே கணக்கிட்டு வைத்தார். நெருங்கிய நிறமிகளுக்கு அக்கணக்கில் திருத்தங்கள் வேண்டும். அவை செய்யப்பட்டும் உள்ளன. எனினும் தீயணைப்போர் வரிசையில் நின்று குடம் கைமாற்றுவதற்குக் குவாண்டம் கணிப்பொறி வேண்டா.

அதுவும், அந்தத் தொண்ணூற்றெட்டு ஒரு படியின் கணக்கு மட்டுமே. இலை முழுதின் கணக்கு வேறு. நெல் போன்ற பயிர்கள் தம்மேல் விழும் கதிராற்றலில், எல்லாம் செவ்வையாக அமைந்தாலும், 4.6 விழுக்காட்டுக்கு மேல் உடலாக்க இயலாது; சோளமும் கரும்பும் போன்றவை 6 விழுக்காடு. வயலில் கிடைப்பது இவற்றினும் மிகக் குறைவு. ஆறு விழுக்காட்டைத் தாண்டமாட்டாத ஒன்றைக் குறையில்லாத பொறி என்று புகழ்வது உழவனை எள்ளுவதாகும்.

உண்மையான இழப்பு எங்கே? ஓரிடத்தைச் சீரொளி நிறமாலையியலே காட்டியுள்ளது. வெயில் மிகும்போது, ஏற்கவியலாத கிளர்ச்சியை இலை வெப்பமாகச் சிந்தித் தன்னைக் காத்துக்கொள்கின்றது. பிளெமிங்கும் நியோகியும் அவர்தம் குழுவினரும் 2005இல், அச்சிந்துதலின்போது மஞ்சள் நிறமிகள் ஆற்றும் பணி ஒன்றை இதே விரைந்த துடிப்புகளால் கண்டனர். மேகம் மறைத்த பின்னும் இலை உடனே சிந்துதலை நிறுத்துவதில்லை. மணித்துளிக் கணக்கில் ஆற்றலை வீணாக்குகின்றது. 2016இல் நியோகியும் இல்லினாயின் இலாங்கும் அவர்தம் குழுவினரும் புகையிலையில் மூன்று மரபுக்கூறுகளை மிகுவித்து, அந்நிறுத்தத்தை விரைவுபடுத்தினர். வயலில் பயிரின் எடை 15 விழுக்காடு அளவு கூடியது. இதனை எந்த அருளுரை மேடையாவது பாடியதுண்டா? ஏழை உழவனுக்குச் சோறு மிகுவிக்கக்கூடிய செய்திக்குக் கவர்ச்சி இல்லை போலும்.

பெர்க்கிலியின் அதே ஆய்வுக்கூடத் தொடர்பில் எழுந்தவை இரண்டு: 2005இன் அடக்கமான ஆய்வு ஒன்று, 2007இன் ஆரவாரமான ஆய்வு ஒன்று. முன்னையதை அறிந்தார் சிலர். பின்னையதை அறியாதார் சிலர். ஆய்வுக்குப் பொருளுதவி கேட்போரும், செய்தி விற்போரும், மேடை ஏறுவோரும் சேர்ந்து ஆரவாரத்தைத் தேர்ந்துகொண்டனர். அதனால் ஓராயிரம் மாணவர்கள் இலையைக் கணிப்பொறி என்று எழுதி மதிப்பெண் பெற்றிருப்பின், அவர்களுக்குத் திருத்தம் கூறப்போவார் யார்? இலை கணிப்பொறி என்று எழுதிய நூல்கள் அடுத்த பதிப்புக் காணும்போது, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 2017ஆம் ஆண்டின் 60 பெம்டோ நொடி என்னும் எண்ணையும் சேர்த்து அச்சிடட்டும்.